அக்கா வீட்டு லேப்டாப்: ஃபார்மட்டா, ரேமா, எஸ்எஸ்டியா, புதுசா?

கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில் என் அக்கா வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. 2017இல் வாங்கியது. இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மச்சான் தன் தேயிலைத் தோட்டத்து இலைக் கணக்கை அதில்தான் வைத்திருக்கிறார். எந்தத் தேதியில் எத்தனை கிலோ பறித்தது, ஃபேக்டரியில் என்ன விலை போட்டார்கள், பறிகூலி எவ்வளவு என்று எல்லாம் எக்ஸெலில் இருக்கிறது. அக்கா மகளிர் குழுவுக்குத் தீர்மானம் தட்டச்சு செய்வதும், சின்னவள் பிளஸ் டூ பாடம் பார்ப்பதும் அதே பெட்டியில்தான்.

போன ஐப்பசி மழையோடு அது படுத்துக்கொண்டது. பட்டனை அழுத்தி, குரோம் திறந்து, ஒரு பக்கம் கண்ணில் படுவதற்கு 6 நிமிடம். அக்கா மூன்று பேரிடம் யோசனை கேட்டிருக்கிறாள். டவுனில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர், "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றாராம், அதாவது இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. சின்னவளின் டியூஷன் வாத்தியார், "4 ஜிபி ரேம் இந்தக் காலத்துக்குப் பத்தாதுங்க" என்றாராம். கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் பெரியவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கும்மா." நான்காவது ஆளாக என்னிடம் வந்தாள்.

மூன்று பேர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே அந்த லேப்டாப்பைத் திறந்து பார்க்காமல் சொன்னவர்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிய குற்றமில்லை. வாங்கிய ரேம் பொருந்தாவிட்டால் சாயங்காலமே போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். எங்களுக்கு அப்படி இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் மலைச்சாலை. அங்கிருந்து கோவைக்கு மறுபடியும் அவ்வளவு தூரம். காலையில் இறங்கினால் இருட்டுவதற்குள் ஏறி வரலாம். மழையில் மரம் விழுந்துவிட்டால் அதுவும் சொல்ல முடியாது. ஆன்லைனில் வாங்கினால் பொருள் வீட்டுக்கே வந்துவிடுகிறது. திருப்பி அனுப்பும்போதுதான் கூரியர்காரர் "அந்தப் பக்கம் இன்னிக்கு வண்டி இல்லீங்க" என்று மூன்று நாள் இழுப்பார். ஆகவே மலையில் தவறாக வாங்கும் பொருளுக்கு அதன் விலையோடு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் சேர்ந்துவிடும். அதனால்தான் எதையும் வாங்குவதற்கு முன், கம்ப்யூட்டர் எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிறேன். பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

முதலில் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக இருப்பது கம்ப்யூட்டரா, நெட்டா? நோட்பேடும் எக்ஸெலும் சட்டென்று திறந்து, இணையப் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், லேப்டாப்பில் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கேபிள் மீது கிளை விழுவது சாதாரணம். நெட் படுத்ததற்கு லேப்டாப்பைத் திட்டிய வீடுகள் எனக்கே இரண்டு மூன்று தெரியும்.

நோட்பேடே தாமதமாகத் திறந்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தை ஒரு பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என மூன்று எண்கள். எது 100ஐத் தொட்டுக்கொண்டு இறங்க மறுக்கிறதோ, அங்கேதான் சிக்கல்.

அக்கா லேப்டாப்பில் சிபியு 25, 30 என்று அலைந்தது. மெமரி 80க்கு மேலே. டிஸ்க் 100இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதைவிட முக்கியம், டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அது படித்த அளவு வினாடிக்கு 1 எம்பி, 2 எம்பி மட்டுமே. இதே ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது வினாடிக்கு 100 எம்பிக்குப் பக்கத்தில் போகும். அப்படியானால் அது சும்மா இருக்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஓட்டமெல்லாம் தேடுவதிலேயே போகிறது.

இந்தத் தேடலைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய தகவல் அதைப் படிக்கும் தலைக்கு நேரே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் 10 மில்லிவினாடிக்கு மேல். கூட்டினால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை அது வினாடிக்கு 60, 70 தடவைதான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். தகவலைச் சிப்பில் வைக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமே இல்லை. மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பதில் வந்துவிடும். பெட்டி மேல் போட்டிருக்கும் "வினாடிக்கு 550 எம்பி" என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வித்தியாசத்தைக் கொண்டுவருவது அந்த எண் அல்ல, இந்தப் பதில் நேரம்தான்.

இங்கே ஒரு மலைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். "உயரத்துல ஹார்ட் டிஸ்க் சரியா ஓடாதுங்க, காத்து கம்மி" என்று ஒரு மெக்கானிக் என்னிடம் அடித்துச் சொன்னார். முழுக்கப் பொய்யில்லை. தட்டுக்கு மேலே தலை மிதப்பது மெல்லிய காற்றுப் படலத்தில்தான். காற்று அடர்த்தி ரொம்பக் குறைந்தால் தலை தட்டில் உரசும். அதனால் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் உயர வரம்பு போடுகிறார்கள். வழக்கமான வரம்பு 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர். நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சிகரத்தில் குடித்தனம் நடத்தினால்கூட ஹார்ட் டிஸ்க் ஓடும்.

உயரத்தால் கெடாத ஹார்ட் டிஸ்க் வேறொன்றால் கெடும். அது கரண்ட். அக்கா லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். ஒரு நாள் மழையில் எத்தனை தடவை கரண்ட் போனதோ அத்தனை தடவை அது நடு வேலையில் பொத்தென்று அணைந்திருக்கிறது. "ஐப்பசி மழையோடு படுத்தது" என்றேனே, காரணம் அதுதான் என்று சந்தேகப்பட்டேன். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஒரு இலவச நிரலைப் போட்டுப் பார்த்தேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்பது அதன் பெயர். பச்சையோ நீலமோ வர வேண்டிய இடத்தில் மஞ்சள். படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள், சில இருந்தன.

மஞ்சள் வந்துவிட்டால் வேகத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இலைக் கணக்கு, போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுத்து வைப்பது. சிதறிக் கிடக்கும் துண்டுகளை அடுக்கிவைக்கும் டீஃப்ராக்கை ஓட்டாதீர்கள். நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது மாதிரி அது.

இப்போது ஒவ்வொரு யோசனையாக எடுத்துக்கொள்ளலாம்.

காசில்லாத வைத்தியம்

சுத்தம் செய்வதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அக்கா லேப்டாப்பில் கிளம்பும்போதே எழுந்துகொள்ளும் நிரல்கள் 14 இருந்தன. பிரின்டர் கம்பெனி போட்டது, லேப்டாப் கம்பெனி போட்டது, யாரோ எப்போதோ வீடியோ கூட்டத்துக்குப் போட்டது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் 11ஐ முடக்கினேன். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தன. ஒன்று காலாவதியாகி மாதக்கணக்கில் "புதுப்பி, புதுப்பி" என்று கத்திக்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை மட்டும் விட்டேன். வீட்டு உபயோகத்துக்கு அது போதும். குரோமில் கூப்பன் தேடித் தருகிறேன் என்று உட்கார்ந்திருந்த எக்ஸ்டென்ஷன்களைக் களைந்தேன். சி டிரைவ் கழுத்துவரை நிரம்பியிருந்தது. டவுன்லோட்ஸ் போல்டரிலேயே ஒரே சுற்றறிக்கை ஒன்பது நகல். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 10இல் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்துவிட்டுத் தூங்குகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். தினமும் அணைக்கிறேனே என்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். குளிர் ஊரில் லேப்டாப் சூடாகுமா என்று கேட்பீர்கள். இங்கேதான் அதிகம் பார்த்திருக்கிறேன், காரணம் கம்பளி. டிசம்பர் குளிரில் யார் மேசையில் உட்காருவார்கள்? கட்டிலில் கம்பளிக்குள் கால் நீட்டி, அதன் மேலேயே லேப்டாப்பை வைத்துக்கொள்கிறோம். காற்று உறிஞ்சும் துளை அடிப்பக்கம். அது அடைபட்டுப் போகும். நாளடைவில் கம்பளி நூல் ஃபேனில் சுற்றிக்கொள்ளும். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தம் அதிகமாகி, அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் மந்தமாகிறது என்றால் இதுதான் காரணம். பின்பக்க மூடியைக் கழற்றி ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சரியாகிவிடும். அக்காவுடையது முதல் நிமிடத்திலிருந்தே மந்தம். ஆகவே அது இந்தக் கேஸ் இல்லை.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர் என்று வருபவற்றை மட்டும் தொடாதீர்கள். அவற்றால் வேகம் கூடி நான் பார்த்ததில்லை, ஸ்டார்ட்அப்பில் இன்னொரு நிரல் கூடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து இவ்வளவும் செய்த பிறகு 6 நிமிடம் நாலரை நிமிடமானது. செலவில்லாமல் கிடைத்தது என்ற அளவில் நல்லது. ஆனால் இது வடிகால் தூர் எடுப்பது போன்ற வேலை. மண் மறுபடியும் சேரும்.

ஃபார்மட்

கடைக்காரர்கள் ஏன் முதல் வார்த்தையாக ஃபார்மட் என்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. யோசிக்க வேண்டாம், பொருள் ஸ்டாக் வைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடியும், திருப்பிக் கொடுக்கும்போது வேகமாகத்தான் இருக்கும். நிரல்களெல்லாம் போய்விட்டதல்லவா, இருக்கத்தான் செய்யும். பிரின்டர், ஆபீஸ், குரோம், தமிழ் எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு ஒரு மாதம் ஓட்டினால் பழைய குதிரை பழைய நடை. அடியில் அதே 5,400 சுற்றுத் தட்டுதானே சுற்றிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என்னுடைய டெஸ்க்டாப்பை ஒரு கடையில் ஃபார்மட்டுக்குக் கொடுத்தேன். "டி டிரைவ்ல இருக்கறதத் தொட மாட்டோம்" என்றார்கள், தொடவும் இல்லை. ஆனால் டெஸ்க்டாப் திரையில் வைத்திருந்தது சி டிரைவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவர்களும் கேட்கவில்லை. அப்பாவின் கடைசி வருடப் போட்டோக்கள் போயின. கூடவே, ஒரிஜினலாக இருந்த விண்டோஸுக்குப் பதிலாக எதையோ உடைத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு அவசியமே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் அதன் சாவி மதர்போர்டிலேயே எழுதியிருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவினால் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

வைரஸ் புகுந்து நாசமாக்கிய பெட்டிக்கு ஃபார்மட் சரியான வைத்தியம். மந்தத்துக்கு மட்டும் அதைச் செய்வதாக இருந்தால், எஸ்எஸ்டி மாற்றும்போது எப்படியும் புதிதாக நிறுவத்தான் போகிறோம். அப்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

ரேமும் எஸ்எஸ்டியும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். டியூஷன் வாத்தியார் சொன்னது தவறில்லை. 4 ஜிபி இன்றைக்குப் போதாது. விண்டோஸ் பாதியைத் தின்னும், குரோமில் ஆறு டேப் திறந்தால் மீதியும் போய்விடும்.

ரேம் அடுப்படி மேடை மாதிரி, டிஸ்க் பரண் மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க முடியும். விண்டோஸும் அதையே செய்கிறது. ரேம் நிரம்பியதும் அதில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளி, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. ஆகவே ரேம் பற்றாக்குறை பல சமயம் டிஸ்க் 100 சதவீதம் என்ற வேஷத்தில்தான் வெளியே தெரியும். ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இங்கே ஏமாந்துவிடுவோம்.

எப்படிப் பிரித்தறிவது? விண்டோஸ் வந்ததும், எதையும் திறப்பதற்கு முன்பே டிஸ்க் 100இல் நின்றால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, டேப் கூடக் கூட, மெமரி 90ஐத் தாண்டிய பிறகு டிஸ்க் ஏறினால், குற்றவாளி ரேம். அக்காவுக்கு இரண்டுமே இருந்தது. ஆனால் முதலாவதுதான் கனமாக இருந்தது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்கே என் ஓட்டு. ரேம் மட்டும் கூட்டினால் மேடை பெரிதாகும், பரண் ஏணி பழைய ஏணிதான். காலையில் கிளம்புவது, அப்டேட் ஓடுவது, எக்ஸெல் திறப்பது எதுவும் மாறாது. எஸ்எஸ்டி மட்டும் போட்டால், ரேம் நிரம்பி வழிந்தாலும் பரணுக்குப் போய்வருவது நொடிப்பொழுதில் முடிவதால் தாங்கிக்கொள்ளலாம். இதற்கு விதிவிலக்கு, ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப். அதில் ரேம் கூட்டுவதுதான் அடுத்த படி.

எஸ்எஸ்டி வாங்கும்போது பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடம் 2.5 அங்குலம், அதே அளவில், அதே சாட்டா இணைப்போடு வரும் எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். எம்.2 என்ற பட்டையான வகையும் இருக்கிறது. அதில்தான் ஆள் ஏமாறுவது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா வகை வேறு, என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை வேறு. 2017 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் எம்.2 துளை இருக்கும், ஆனால் சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். துளை இருக்கிறதே என்று என்விஎம்இ வாங்கி வந்து செருகினால் அது இருப்பதாகவே காட்டாது. சந்தேகமாக இருந்தால் 2.5 அங்குலமே வாங்குங்கள். வேகத்தில் காகிதத்தில்தான் பெரிய வித்தியாசம், எக்ஸெல் திறப்பதில் கண்ணுக்குத் தெரியாது.

"எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சு போயிடும்" என்று மச்சான் கேட்டார். தேயும்தான். எவ்வளவு எழுதலாம் என்று தயாரிப்பாளரே உறுதி தருவார். 100 டிபி என்று வைத்துக்கொண்டால்கூட, நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 5,000 நாள், 13 வருடத்துக்கு மேல். இலைக் கணக்குக்கு அவ்வளவு எழுத முடியாது. பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லும்; எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும், போனால் தகவலை மீட்பதும் கடினம். ஆகவே நகல் எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் எஸ்எஸ்டி போட்டால், அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

ரேமில் நானே ஏமாந்தேன். அந்த ஆறாம் தலைமுறை பிராசஸர் டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற இரண்டு வகை ரேமோடும் வேலை செய்யும். லேப்டாப் கம்பெனி பலகையில் எந்தத் துளையை வைத்தது என்பதுதான் கேள்வி. பழைய லேப்டாப்தானே என்று டிடிஆர்3எல் வாங்கிக்கொண்டு மலையேறினேன். திறந்து பார்த்தால் டிடிஆர்4. இரண்டுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே நுழையாது. ஒரு நாள் போயிற்று. இத்தனைக்கும் சிபியு-இசட் என்ற சின்ன இலவச நிரல் அதை வீட்டிலேயே சொல்லியிருக்கும். இன்னும் நம்பகமான வழி, மூடியைக் கழற்றி இருக்கும் ரேமின் ஸ்டிக்கரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவது. எத்தனை துளை, ஒன்றாவது காலியா, அல்லது ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போவதால் வந்த விளைவு. எஸ்எஸ்டியும் கூடவே ஏறுகிறது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். பிரித்தெடுத்த பழைய ரேம் கிடைத்தால், சோதித்து, மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். ரேம் எளிதில் தேயும் பொருளல்ல. பழைய எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம்.

லினக்ஸ்

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப் நினைவிருக்கிறதா? அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கிடைத்த மறுநாளே எல்லோரும் அதை அழித்துவிட்டு இடத்தைப் படங்களுக்கு எடுத்துக்கொண்டோம். இப்போது யோசித்தால், 2 ஜிபி ரேமோடு வந்த அந்தப் பெட்டிக்கு விண்டோஸைவிட அதுதான் பொருத்தமாக இருந்திருக்கும்.

லினக்ஸ் மின்ட் என்ற வகை 4 ஜிபி ரேமில் சௌகரியமாக ஓடும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகை உண்டு. படிக்க, எழுத, யூடியூப் பார்க்க, பேங்க் வேலைக்குக் குறையில்லை. ஆனால் டாலி கணக்கு நிரல் அதில் நேராக ஓடாது. எக்ஸெல் கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும், தானாக வேலை செய்யும் கட்டளைகளை மேக்ரோவாக எழுதி வைத்திருந்தால் தகராறு செய்யும். ஊரில் எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்கும் அந்தப் பழைய சின்ன லேசர் பிரின்டர்கள் சிலவற்றை லினக்ஸில் ஓடவைப்பது ஒரு வார வேலை. அக்கா வீட்டில் பிரின்டர் இருக்கிறது, மச்சானுக்கு மேக்ரோ இருக்கிறது. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். தவிர, லினக்ஸ் போட்டாலும் அடியில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுவும் அந்தத் தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

புதுசு

பெரியவன் சொன்னதை "காசு அருமை தெரியாதவன்" என்று ஒதுக்கிவிட முடியாது. அவன் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பது 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆறாம் தலைமுறைக்கு முறைப்படி வழியில்லை. குறுக்கு வழியில் போடலாம், போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இலைக் கணக்கும் பேங்க் வேலையும் நடக்கும் பெட்டியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆக, அக்கா லேப்டாப்பில் போடும் காசு அதிக நாளுக்கான காசு அல்ல. இதை அவளிடம் மறைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது: எஸ்எஸ்டியைப் பிடுங்கி வெளி டிஸ்க்காக அடுத்த கம்ப்யூட்டரோடு வைத்துக்கொள்ளலாம். ரேம் அடுத்த பெட்டிக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. ரேமைவிட எஸ்எஸ்டி என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

புதிது வாங்குவதாக இருந்தால் ரொம்ப மலிவானவற்றில் எச்சரிக்கை வேண்டும். 4 ஜிபி ரேமைப் பற்றவைத்து, எஸ்எஸ்டிக்குப் பதிலாக 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்புச் சிப்பை வைத்து விற்பவை உண்டு. புது வாசனை போவதற்குள் மந்தமாகிவிடும், கூட்டவும் வழியில்லை. அதற்கு, கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்கும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பழைய லேப்டாப்பே மேல். பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள். அதை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். 8 ஜிபிக்குக் குறைந்தது எதுவும் வேண்டாம்.

கடைசியில் என்ன செய்தோம்? 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, ஒரு புது பேட்டரி. இரண்டும் மட்டும். ரேம் விலையைப் பார்த்து அக்காவே வேண்டாம் என்றுவிட்டாள். மஞ்சள் காட்டிய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கப் பயந்து, கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். பட்டனிலிருந்து குரோம் வரை இப்போது முக்கால் நிமிடத்துக்குள். சின்னவள் பத்து டேப் திறந்தால் திணறுகிறது. "ஆறோட நிறுத்திக்கடி" என்று அக்கா சத்தம் போடுகிறாள். கரண்ட் போனால் லேப்டாப் அணைவதில்லை. என் கணக்கில் பேட்டரிக்குக் கொடுத்த காசுதான் எல்லாவற்றிலும் நல்ல காசு. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் யுபிஎஸ் என்று படித்துக்கொள்ளுங்கள். இருக்கிற யுபிஎஸ்ஸின் பேட்டரி மூன்று வருடத்துக்கு மேலாகியிருந்தால் அதுவும் அநேகமாக அலங்காரத்துக்குத்தான் இருக்கும்.

அக்டோபர் வந்தால் மச்சானுக்குப் பழைய கம்பெனி லேப்டாப் ஒன்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் மின்ட் போட்டு அக்காவுக்கும் சின்னவளுக்கும் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. பிரின்டர் மச்சான் பக்கம் போய்விடுவதால் அந்தத் தலைவலியும் இல்லை.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, பீரோவிலிருந்து தன் மகளின் அந்தக் காலத்து விலையில்லா லேப்டாப்பை எடுத்து வந்தார். "தம்பி, இதுக்கும் அந்த எஸ்எஸ்டி போட்டுக் குடுங்க." 2 ஜிபி ரேம், பேட்டரி இல்லை, கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யவில்லை. மூடியைக் கழற்றினால் திருகெல்லாம் துரு, ரேம் துளையோரம் பூஞ்சை. பத்து வருட ஈரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. "இதுல காசு போடாதீங்கக்கா" என்று சொல்லி, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி பெட்டியில் போட்டு, உள்ளே இருந்த மகளின் பள்ளிக்கூடப் போட்டோக்களை அவர் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். அதுதான் வேண்டும் என்று அப்புறம்தான் சொன்னார்.